இரவல் ஜவ்வு

பொடிசு ஒப்புக்கொண்ட பிறகுதான் வீட்டில் சத்தம் நின்றது.

அதுவரை அந்த வீடு வீடாகவே இல்லை. பள்ளிக்கூட மாடிப்படியில் இறங்கும்போது பொடிசின் இடது முட்டி சொல்லாமல் கொள்ளாமல் விலகி, கைப்பிடியைப் பிடிப்பதற்குள் உருண்டு கீழே வந்திருந்தாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், கைப்பந்து ஆடி அறுந்ததற்குப் பதிலாகப் போன வருடம் முட்டிக்குள் அறுவை செய்து வைத்த புது ஜவ்வு தொளதொளவென்று கிடந்தது. அறுவை செய்தவன் சொந்தத் தாய்மாமன். வைத்த ஜவ்வு பெற்ற அப்பாவுடையது. பெண்ணின் தசைநார் மெலிசாக இருக்கிறது, அப்பாவின் தொடையிலிருந்து எடுத்து வைத்தால் இரும்பாக நிற்கும் என்று மாமன் சொல்ல, அப்பாவும் மகளும் ஒரே நாளில் அடுத்தடுத்த மேசையில் படுத்து எழுந்தவர்கள்.

அப்படி வைத்தது ஏன் போயிற்று? மாமன் போனில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

"குதிச்சிருப்பா."

அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. கைப்பந்து மைதானம் பக்கம் போனாயா, யாரோடு போனாய், யார் கூப்பிட்டார்கள் என்று கேட்க ஆரம்பித்தார். சாப்பிடும்போது கேட்டார், படிக்கும்போது கேட்டார், பல் தேய்க்கும்போதும் பக்கத்தில் நின்று கேட்டார். இல்லை, இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்த பதினைந்து வயதுப் பெண், ஒருநாள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆமா, விளையாடினேன்" என்றாள்.

அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அன்றிலிருந்து மகளோடு பேச்சு இல்லை. அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

இன்றைக்குக் காலையிலும் சுவரிடம்தான் ஆரம்பித்தார். வேலைக்குக் கிளம்ப ஷூ மாட்டக் குனிந்தவருக்கு வலது தொடையின் பின்பக்கம் கல்லாகிப் பிடித்துக்கொண்டது. தசைநார் எடுத்த கால். பல்லைக் கடித்தபடி காலை நீட்டித் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"ஒருத்தன் காலை அறுத்துக் கொடுப்பானாம். இன்னொருத்தங்க அதை வெச்சுக் குதிச்சு விளையாடுவாங்களாம்."

அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் கூண்டுக்கு அடியில் இருக்கிற குழிக்குள் இறங்கி, குந்தி உட்கார்ந்து வேலை பார்த்தே பழகியவர். இப்போது குந்தினால் தொடை பிடித்துக்கொள்கிறது. அதனால் அலுவலகத்தில் போன் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று பதறுகிறவர்களிடம், பயப்படாதீங்க, ஆள் வந்துக்கிட்டிருக்கார் என்று சொல்வதுதான் வேலை. வந்துகொண்டிருக்கிற அந்த ஆளாகத் தான் இல்லையே என்பது அவருக்குத் தீராத எரிச்சல்.

பொடிசு அறைக்குள் புத்தகப் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். பேர்தான் பொடிசு, அம்மாவைவிட ஒரு தலை உயரம் வளர்ந்தாயிற்று. காதில் எதுவும் விழாத மாதிரி ஜிப்பை இழுத்து மூடினாள்.

இரண்டு பேருக்கும் நடுவில் அம்மா நின்றிருந்தாள். பிள்ளையைத் தானே பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அப்படியே கடைக்குப் போய்விடுவதாகக் கணவரிடம் சொன்னாள். அவர் சுவரைப் பார்த்து, யார் விட்டால் என்ன என்றார்.

அவள் சொன்னது பொய். தாயும் மகளும் போனது வேறொரு ஆஸ்பத்திரிக்கு.

அம்மாவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்கு ஃபிரேம் பொருத்தி, கண்மணிக்கு நேராக லென்ஸில் புள்ளி வைத்து, அதன்படி லென்ஸை வெட்டி மாட்டிக் கொடுப்பாள். போன வாரம் கண்ணாடி வாங்க வந்த ஒரு பெண்மணி எலும்பு டாக்டர் என்று தெரிந்ததும், வாய் தன்னால் மகளின் முட்டியைப் பற்றிப் பேசிவிட்டது. கூட்டிக்கொண்டு வாங்க, பார்க்கிறேன் என்றார் அந்த டாக்டரம்மா.

தம்பி மேல் சந்தேகப்பட்டு அவள் கிளம்பவில்லை. கொஞ்ச மாதம் தொடைக்குப் பயிற்சி கொடுக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தம்பி சொல்லியிருந்தான். அதுதான் சரி என்று இன்னொரு வாய் சொன்னால் போதும் என்றிருந்தது. ஏனென்றால் அறுவைக்கு முன்பு கணவர் வேறொரு மருத்துவமனையைச் சொன்னபோது, அவள்தான் விடவில்லை. சொந்தத் தம்பியை வைத்துக்கொண்டு அசலார் வாசலில் போய் நிற்க வேண்டுமா என்று அவருடைய அண்ணன் குடும்பத்துக்கு முன்னால் வைத்துக் கேட்டாள். மனுஷன் வாயை மூடிக்கொண்டார். தம்பியை அந்தக் குடும்பத்தில் எல்லாரும் டாக்டர் என்றுதான் சொல்வார்கள். டாக்டர் வந்தாரா, டாக்டர் சாப்பிட்டாரா. அவளுக்கென்று ஊரில் பெருமை அடித்துக்கொள்ள இருந்தது அந்த ஒரு சொல்.

டாக்டரம்மா பொடிசைப் படுக்க வைத்து, முட்டியை மடக்கி, கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். மேசை இழுப்பறை திறக்கிற மாதிரி கால் முன்னால் நழுவி வந்தது. பொடிசு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

பிறகு பழைய எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேட்டார். அறுவைக்கு மறுநாள் எடுத்தது பையில் இருந்தது. அதை விளக்குப் பலகையில் செருகி, கிட்டப் போய்ப் பார்த்தார். இந்தக் காலை அறுத்தவர் யார் என்று கேட்கவில்லை.

"இங்க பாருங்க," என்று பேனா முனையை வைத்தார். "இது தொடை எலும்பு. ஜவ்வோட மேல் நுனியை இங்க, பின்னால, துளை போட்டுக் கட்டணும். போட்டிருக்கிறது இங்க. முன்னால தள்ளி."

"கொஞ்சம்தானே டாக்டர் தள்ளியிருக்கு?"

"கொஞ்சம்தான். ஆனா முட்டி மடங்கும்போதெல்லாம் அந்தக் கொஞ்சம் அதைப் பிடிச்சு இழுத்திருக்கு. இழுபட்டு இழுபட்டுத் தொய்ஞ்சு போச்சு. யாரோட ஜவ்வை வெச்சாலும் இந்த இடத்துல நிக்காதும்மா."

கண்ணாடிக் கடைக்காரிக்கு அது விளங்காமல் போகுமா? புள்ளி ஒரு மயிரிழை தள்ளிப்போனால் மனிதருக்குத் தலைவலி எடுக்கும் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் டாக்டரம்மாவுக்குப் பார்வை சரியில்லையோ என்று ஒரு நிமிடம் மனசு தப்பிக்கப் பார்த்தது. அவர் மூக்கில் உட்கார்ந்திருந்தது அவளே மாட்டிக்கொடுத்த கண்ணாடி. அந்த வழியும் அடைபட்டது.

"இவ விளையாடப் போனா. அதனாலதான்னு..."

"மைதானத்துக்குப் போகவே வேணாம். நடக்கறது, படி ஏறி இறங்கறது போதும். இது ஒரு நாள்ல அறுந்ததில்ல. மாசக்கணக்கா தளர்ந்திருக்கு." டாக்டரம்மா பொடிசு பக்கம் திரும்பினார். "முட்டி நழுவற மாதிரி முன்னாடியே தெரிஞ்சுதா உனக்கு?"

"தெரிஞ்சுது. மாமாகிட்ட சொன்னேன். பயிற்சி ஒழுங்கா செய்யலைன்னார்."

"விளையாடினியா?"

"இல்ல."

அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் பார்க்கவில்லை.

மேற்கொண்டு செய்ய வேண்டியதையும் டாக்டரம்மா சொன்னார். பழைய துளைகளை முதலில் எலும்புத் தூள் வைத்து அடைக்க வேண்டும். அது சேர்ந்து கெட்டியாகச் சில மாதம். அதன் பிறகுதான் இன்னொரு அறுவை, இன்னொரு ஜவ்வு, மறுபடியும் முதலிலிருந்து நடை பழகல். எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேலேயே ஓடிவிடும். எலும்பைச் சுற்றி எடுக்கிற ஸ்கேன் ஒன்று வேண்டும் என்று சொல்லி, நாள் குறித்து வாங்கி வர அம்மாவைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது பொடிசு டாக்டரம்மாவோடு ஏதோ பேசி முடித்துவிட்டு வெளிவராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்புறம் ஏண்டி விளையாடினேன்னு சொன்னே?"

பொடிசு கோபமாகச் சொல்லவில்லை. பாடத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"இல்லைன்னு சொன்னா திரும்பத் திரும்பக் கேட்டீங்க. ஆமான்னு சொன்னதும் நிறுத்திட்டீங்க."

"நான் எங்கே கேட்டேன்? அப்பாதானே..."

"நீ என் விளையாட்டு ஷூவை எடுத்து, அடியில மண் ஒட்டியிருக்கான்னு பாத்தே. கதவு திறந்துதான் இருந்துச்சு."

அம்மாவுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. எதிரே ஒருவர் கட்டுப்போட்ட கையைத் தாங்கியபடி தூங்கி வழிந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது பொடிசு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்பாகிட்ட சொல்லுவியா?"

அம்மாவால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தத் தாமதம் பொடிசுக்குப் போதுமானதாக இருந்தது. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, முட்டிக்குப் போட்டிருந்த பட்டையை இறுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

அங்கிருந்து அம்மா நேராகத் தம்பியின் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

வாசலில் நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா என்றதும் நர்ஸ் முதலில் உள்ளே விட்டாள். தம்பி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான், டீ சொன்னான், வெயிலில் ஏன் அலைகிறாய், ஒரு போன் போட்டிருந்தால் வந்திருப்பேனே என்றான். நல்ல பிள்ளை. எப்போதும் நல்ல பிள்ளைதான். மேசை மேல் பிளாஸ்டிக்கில் செய்த முட்டி ஒன்று இருந்தது.

அவள் எக்ஸ்ரேயை உறையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"இதை நீ பாத்தியா?"

அவன் அதை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவைப்படவில்லை என்பதே பதிலாக இருந்தது.

"யாருகிட்ட காட்டினே, அக்கா?"

"நீ பாத்தியான்னு கேட்டேன்."

"பாத்தேன். மறுநாளே பாத்தேன்."

பிறகு விளக்கினான். வளர்கிற பிள்ளையின் எலும்பு, நுனியில் வளர்ச்சி நடக்கிற இடம், அதில் பட்டுவிடக்கூடாதே என்று ஒதுங்கப்போய்த் துளை முன்னால் வந்துவிட்டது. உடனே திறந்து மாற்றியிருக்கலாம். ஆனால் ஒரே வாரத்தில் இரண்டு தடவை கத்தி வைக்க மனசு வரவில்லை. இப்படி இருந்தும் பலருக்கு நின்றிருக்கிறது, இவளுக்கும் நின்றுவிடும் என்று நினைத்தான். எந்தக் கையும் ஒருநாள் தவறும். அவன் குரல் கம்மியது நடிப்பில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்திருப்பாள்.

"சரி, கை தவறிடுச்சு. குதிச்சிருப்பான்னு ஏன் சொன்னே?"

"அத்தான் கேட்டார். ஏதாவது சொல்லணும்ல, அக்கா."

"ஏதாவதுன்னா?"

அவன் பிளாஸ்டிக் முட்டியை எடுத்து மடக்கி நீட்டினான். வெளியே யாரோ இருமினார்கள். அடுத்த மாதம் தன்னை அந்தப் பிரிவுக்குத் தலைவராகப் போடப்போகிறார்கள் என்றான். இந்த நேரத்தில் இது அத்தான் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியும், மனுஷர் ஊரைக் கூட்டிவிடுவார் என்றான். தன்னைவிடக் கைதேர்ந்த நண்பன் ஒருவன் இருக்கிறான், அவனை வைத்து எல்லாவற்றையும் சரிசெய்து தருவது தன் பொறுப்பு என்றான். கடைசியாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அவளே ஒத்துக்கிட்டா இல்ல, அக்கா. அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும். இந்த வயசுப் பிள்ளைங்க குதிக்கறதெல்லாம் யாரும் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க. நாலு நாள்ல மறந்துடுவாங்க. என் பேருன்னா அப்படி இல்ல."

"அவளுக்கும் பேர் இருக்குடா."

"இருக்கு. ஆனா என்கிட்ட கூட்டிட்டு வந்தது நீதானே. யோசிச்சுப் பாரு."

டீ வந்தது. அவள் தொடவில்லை. எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். வெளியே வந்தபோது, டாக்டரோட அக்காவா, அவர் கை ராசியான கைம்மா என்று ஒரு நோயாளி சிரித்தார். அவள் தலையை ஆட்டினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும், தம்பி சொன்னதை நினைத்து ரத்தம் கொதித்தது. கொஞ்ச தூரம் போனதும் கொதிப்பு அடங்கி, அவன் சொன்னதிலும் ஒரு கணக்கு இருக்கிறதோ என்று தோன்ற ஆரம்பித்தது. பிள்ளைக்குச் சிகிச்சை நடந்தால் போதாதா? கணவரின் கோபம் எத்தனை நாளைக்கு? சொல்லிவிட்டால் என்ன நடக்கும் என்று பார்த்தாள். பிறந்த வீட்டு வாசல் அடைபடும். புகுந்த வீட்டில் ஆயுசுக்கும் குத்திக்காட்டுவார்கள். சொல்லாவிட்டால் ஒரு பிள்ளை மட்டும், செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு, சத்தமில்லாமல் இருந்துகொள்வாள். அவள்தான் இருந்துகொள்கிறாளே.

நினைத்த அந்த நினைப்பு அவளுக்கே குமட்டியது. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப்போயிருந்தது. இறங்கித் திரும்பி நடந்தாள்.

சாயங்காலம் கணவர் வந்தபோது முகம் கறுத்திருந்தது. மாடிப்படி ஏறும்போதே காலை இழுத்து இழுத்து வைக்கிற சத்தம் கேட்டது. போன் வேலை இனி நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்களாம். அவருடைய கருவிப்பெட்டியைப் புதிதாகச் சேர்ந்த ஒருவனிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார்களாம். இதையெல்லாம் மனைவியிடம் சொல்லிவிட்டு, கடைசி வரியைச் சுவருக்கு வைத்திருந்தார்.

"நல்லாக் குதிக்கட்டும். ஒருத்தன் வேலை போனா என்ன, ஆட்டம்தானே முக்கியம்."

பொடிசு சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். நடையில் இடது முட்டி லேசாக வெளியே வளைந்து திரும்பியது. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அதற்கு மேல் அம்மாவால் முடியவில்லை.

"அவ குதிக்கலைங்க."

"என்ன?"

"அவ விளையாடவே இல்ல. தம்பி துளை போட்ட இடம் தப்பு. இன்னைக்கு வேற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். தம்பியும் ஒத்துக்கிட்டான். அறுவை முடிஞ்ச மறுநாளே அவனுக்குத் தெரியும்."

சொல்லி முடித்ததும் இடி விழப்போகிறது என்று அவள் காத்து நின்றாள். தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. பொடிசு ஈரக் கையோடு வந்து வாசற்படியில் நிற்பது தெரிந்தது.

இடி விழவில்லை. அவர் எக்ஸ்ரேயைக் கேட்டார். டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். எது எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. பல நாளைக்கு அப்புறம் வந்த வெளிச்சம். அதைப் பார்த்ததும் அவளுக்கு உள்ளே என்னவோ அறுந்து விழுந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? வேற ஆஸ்பத்திரின்னு சொன்னேனா? என்ன கேட்டே நீ, எங்க அண்ணன் முன்னாடி வெச்சு?"

போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார். நம்ம டாக்டர் பண்ணின வேலையைக் கேட்டீங்களா என்று ஆரம்பித்தவர், அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அடுத்து வேலை செய்கிற இடத்து நண்பரைக் கூப்பிட்டார். அதே கதையை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொன்னார். ஒவ்வொரு தடவையும், நான் அன்னைக்கே சொன்னேன் என்பதில்தான் முடிந்தது. பொடிசு என்ற பேர் ஒரு தடவைகூட வரவில்லை.

பொடிசு வாசற்படியிலேயே நின்றிருந்தாள். நிலைச்சட்டத்தில் ஒரு கையை ஊன்றியிருந்தாள். அப்பா தன் பக்கம் திரும்புவாரா என்று காத்திருக்கிறாள் என்பது அம்மாவுக்குத் தெரிந்தது. அவர் மூன்றாவது போனைப் போட்டார். இந்தத் தடவை குரலில் தேன் ஒழுகியது.

"மச்சான், சும்மாதான். இந்தப் பக்கம் ஒரு எட்டு வந்துட்டுப் போயேன். அக்கா உன்னைப் பாக்கணும்ங்கறா."

போனை வைத்துவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டார். கட்டி வைத்து உரிக்கப்போகிறேன் என்றார். நாளைக்கே புகார் எழுதிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போகப்போவதாகவும் சொன்னார்.

"அதெல்லாம் அப்புறம் பண்ணுங்க," என்றாள் அவள். "முதல்ல அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"யாருகிட்ட?"

"உங்க பொண்ணுகிட்ட."

அவர் அப்போதுதான் வாசற்படியைப் பார்த்தார். பல நாளைக்குப் பிறகு மகளை நேருக்கு நேர் பார்த்து அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"விளையாடினேன்னு யாரு சொல்லச் சொன்னா உன்னை? அந்தப் பொய்யைச் சொல்லாம இருந்திருந்தா, இவனை நான் அன்னைக்கே பிடிச்சிருப்பேன்."

பொடிசு நிலைச்சட்டத்திலிருந்து கையை எடுத்தாள்.

"நிஜத்தைத்தான் முதல்ல சொன்னேன்ப்பா. நீங்க எடுத்துக்கலை."

அவள் தொடர்ந்தாள். குரல் ஏறவில்லை.

"அடுத்த தடவை என்னோட வலது கால்ல இருந்தே எடுக்கச் சொல்லிட்டேன். மெலிசா இருந்தா இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் எடுக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. எனக்கு அவசரமில்ல."

"நீ எப்ப கேட்டே?" என்றாள் அம்மா.

"நீ கீழ போயிருந்தப்ப."

"என் கால்ல இருந்து எடுக்கலாமேடி. நான் தரேன்."

"வேண்டாம்மா. உங்க யாரோடதும் வேண்டாம்."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். கை தானாகப் போய்த் தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. அறுவைக்கு முதல் நாள், ஊசியென்றாலே பயப்படுகிற அந்த மனுஷன், மகளின் கட்டிலில் உட்கார்ந்து, என் கால் உன் கால்ல ஓடப்போகுது, மெதுவா ஓட்டு என்று சொல்லிச் சிரிக்க வைத்ததை அம்மா பார்த்திருக்கிறாள். அவர் மனம் இளகிக் கொடுத்த கொடைதான் அது. எந்த நாளில் அது இத்தனை பெரிய பாரமாக மாறியது என்று அவளுக்குப் புரியவில்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்வதற்குள் அழைப்பு மணி அடித்தது.

அவர் முகம் மறுபடி மாறிவிட்டது. சொல்ல வந்தது உள்ளேயே போயிற்று. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எக்ஸ்ரேயை எடுத்து, வருகிறவன் கண்ணில் உடனே படாதபடி, தன் முதுகுக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.

"போய்த் திற," என்று மனைவியிடம் சைகை காட்டினார்.

அவள் நகரவில்லை. பொடிசுதான் போனாள். சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து, தாழ்ப்பாளை நீக்கினாள்.

வாசலில் மாமன் நின்றிருந்தான். அக்கா எதையும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அத்தான் அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார் என்ற நிம்மதி முகமெல்லாம் பரவியிருந்தது. மருமகளைக் கண்டதும் சிரித்தான்.

"என்னடா பொடிசு, முட்டி எப்படி இருக்கு?"

"மாமா," என்றாள் பொடிசு, வழி விடாமல். "நான் குதிக்கலை."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. மருமகளின் தோளுக்கு மேலாக உள்ளே நின்ற அக்காவைப் பார்த்தான். எப்படி உன்னால் முடிந்தது என்று கேட்கிற பார்வை. சின்ன வயதிலிருந்து அந்தப் பார்வைக்கு அவள் குனியாத நாள் கிடையாது. இன்றைக்கு அவள் கண்ணை எடுக்கவில்லை.

அவன் காலை ஒரு அடி பின்னால் வைத்தான். அதற்குள் உள்ளேயிருந்து அத்தானின் குரல், இனிக்க இனிக்க, வந்துவிட்டது.

"ஏன் மச்சான் வாசல்லயே நின்னுட்டே? உள்ள வா. உன்னைத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்."